ஊராட்சித் தலைவர் ஒருவருக்கு நினைவு மலர்: ஈரோட்டு அச்சகம் ஒன்றின் தொகுப்புப் பணி

பொதுவாழ்வில் இருந்த ஒருவர் மறைந்தால், முதலாண்டு நினைவு நாளுக்கு ஒரு மலர் அச்சிட்டு உறவினருக்கும் ஊராருக்கும் கொடுக்கும் குடும்பங்கள் கொங்குப் பகுதியில் பல உண்டு. அம்மலர்களில் பெரும்பாலும் தலைவர்களோடு எடுத்த படங்களும் இரங்கல் செய்திகளுமே நிறைந்திருக்கும். மறைந்தவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார், யாரை வைத்துச் செய்தார் என்பது படித்து முடித்த பின்னும் தெரியாது. எங்கள் அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் தந்தைக்கு, அப்படியொரு மலர் வேண்டாம் என்று முடிவு செய்து, தகவல் திரட்டுவதிலிருந்து அச்சிட்டுக் கட்டித் தருவது வரை முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளும் ஈரோட்டு அச்சகம் ஒன்றிடம் பணியை ஒப்படைத்தோம். 250 படிகள் அச்சாகி வந்துவிட்டன. இதே பணியைச் செய்விக்க எண்ணும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால், அவர்கள் செய்த வேலையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அப்புச்சி அறச்சலூர்ப் பக்கத்துச் சிற்றூரில் பண்ணையம் பார்த்தவர். 1986ஆம் ஆண்டுத் தேர்தலில் ஊராட்சித் தலைவரானார். அதற்கு முன்பிருந்தே பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்திலும் கீழ்பவானிப் பாசன சபையிலும் விவசாயிகள் சங்கத்திலும் இருந்தார். சட்டமன்றத்துக்குள் ஒருநாளும் காலடி வைக்காத இத்தகைய மனிதர்களைப் பற்றிச் செய்தித்தாள்களில் எதுவும் கிடைக்காது. வீட்டிலுள்ள காகிதங்களிலும் ஊராரின் நினைவிலும்தான் தேடியாக வேண்டும்.

அந்தத் தேடலை இந்த அச்சகத்தார் செய்யும் முறை பாராட்டத்தக்கது. தொகுப்பாளராக வந்த இளம்பெண், குடும்பத்தாரின் புகழுரைகளைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாரே தவிர, அவற்றைக் குறித்துக்கொள்ளவில்லை. ரசீது, கடிதம், அழைப்பிதழ், சங்கத் தீர்மானப் புத்தகம், மின் கட்டண அட்டை என்று எது இருந்தாலும் எடுத்துத் தாருங்கள் என்றார். டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த ஒவ்வொரு தாளுக்கும் எண் இட்டு, பட்டியலில் எங்கள் கையெழுத்தைப் பெற்றுக்கொண்டுதான் எடுத்துச் சென்றார். ஒன்றுகூடக் காணாமற் போகாமல், அதே வரிசையில் எல்லாம் திரும்பி வந்தன. மூலத் தாள்களைப் பிறரிடம் கொடுக்க அஞ்சும் குடும்பங்களுக்கு இந்த ஒழுங்கு பெரிய ஆறுதல்.

குடும்பத்தில் சொல்லப்படும் எதையும் அவர் சரிபாராமல் எழுதவில்லை. விவசாயிகள் போராட்டத்தில் அப்புச்சி சிறை சென்ற ஆண்டை என் மாமன்மார் இருவரும் வெவ்வேறாகச் சொன்னார்கள். ஒருவர் 1970 என்றார். மின் கட்டண உயர்வை எதிர்த்த உழவர்களில் மூவர் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையான ஆண்டு அது. மற்றவர் 1972 என்றார். மாட்டுவண்டிகளைக் கொண்டு வந்து நிறுத்திக் கோவை நகரையே உழவர்கள் திணறவைத்த ஆண்டு அது. தொகுப்பாளர் இரண்டில் ஒன்றைத் தம் விருப்பப்படி தேர்ந்துகொள்ளாமல் தேடிக்கொண்டே இருந்தார். முடிவில் அப்புச்சியின் மனைவியான எங்கள் அம்மிச்சியின் சேலைகளுக்கு அடியில் ஓர் அஞ்சலட்டை கிடைத்தது. கோவை மத்திய சிறையின் முத்திரையோடு 1972இல் வந்த அந்த அட்டையில் போராட்டம் பற்றி ஒரு வரிகூட இல்லை. சினைமாடு ஈன்றுவிட்டதா, நிலவள வங்கித் தவணைக்கு என்ன செய்தாய், பெரியவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடாதே என்ற மூன்று செய்திகளே இருந்தன. அந்தப் பெரியவள்தான் என் தாய். இந்த அட்டையை முழுப் பக்க அளவில் அச்சிட வேண்டும் என்று முடிவு செய்தவரும் தொகுப்பாளரே.

கீழ்பவானி வாய்க்கால் பற்றிய அத்தியாயம் மலரின் சிறந்த பகுதி. பவானிசாகர் அணை 1948இல் தொடங்கி 1955இல் கட்டி முடிக்கப்பட்டதையும், ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளமுள்ள வாய்க்கால் 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாய்வதையும், இத்திட்டத்துக்காகப் பாடுபட்ட தியாகி எம்.ஏ.ஈஸ்வரனின் பங்கையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, ஒற்றைப்படை மதகுகளுக்கும் இரட்டைப்படை மதகுகளுக்கும் நன்செய்த் தண்ணீரும் புன்செய்த் தண்ணீரும் மாறி மாறி விடப்படும் முறையை வெளியூர்க்காரருக்கும் விளங்கும்படி விவரித்திருக்கிறார்கள். அதன் பின்னரே அப்புச்சியின் முறைத் தண்ணீர்க் குறிப்பேடு வருகிறது. கடைமடைக்காரருக்குத் தண்ணீர் எட்டாத நாள்களில் தம் தோட்டத்து முறையை அவர் யார் யாருக்கு விட்டுக்கொடுத்தார் என்பது அதில் தேதிவாரியாக இருக்கிறது. 'வள்ளல்' என்ற சொல் மலரில் எங்கும் இல்லை. அந்தக் குறிப்பேட்டின் நான்கு பக்கங்கள் இருக்கின்றன.

என் மனக்குறை மலரின் அமைப்பைப் பற்றியது. இந்த அச்சகம் எல்லா மலர்களையும் அரசியல், பொதுத்தொண்டு, குடும்பம் என்ற மூன்று பகுதிகளாகவே வடிவமைக்கிறது. முதலிரண்டுக்கும் தாராளமாகப் பக்கங்கள் உண்டு. குடும்பத்துக்கு வம்சாவளி, குழுப்படம், பேரன் பேத்திகளின் வாழ்த்து என நான்கே பக்கங்கள். சரிபார்க்கத் தந்த முதல் மெய்ப்புப் படியைப் பார்த்தபோது, தொகுப்பாளர் அம்மிச்சியிடம் நாள்முழுதும் உட்கார்ந்து கேட்டெழுதியவற்றில் பாதிக்கு மேல் காணவில்லை. கேட்டால், அவை அரசியலிலும் சேரவில்லை, தொண்டிலும் சேரவில்லை, குடும்பப் பகுதியிலோ இடமில்லை என்றார்கள்.

விடுபட்டது எது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1033 பேர் போட்டியிட்டது நாடறிந்த செய்தி. விவசாயிகளின் கோரிக்கைகளை அரசு செவிமடுக்கவில்லை என்பதை உணர்த்த நூற்றுக்கணக்கானோர் வேட்புமனு தாக்கல் செய்ய, வாக்குச்சீட்டையே புத்தகமாக அச்சிட வேண்டியதாயிற்று, வாக்குப்பதிவும் தள்ளிப்போனது. அந்த 1033 பேரில் அப்புச்சியும் ஒருவர். காப்புத்தொகை அன்று 250 ரூபாய்; அதன் ரசீது அரசியல் பகுதியில் அழகாக அச்சாகியிருந்தது. ஆனால் ரசீதைக் காட்டியபோது அம்மிச்சி தொகுப்பாளரிடம் சொன்னது விடுபட்டிருந்தது: "அந்த எரநூத்தம்பதும் என்ற பால் காசு கண்ணு. திரும்பி வராதுன்னு தெரிஞ்சுதான் குடுத்தேன்."

இந்த இரண்டு வரி இல்லாமல் அந்த ரசீதுக்கு என்ன பொருள் இருக்கிறது? பணம் பால் சங்கத்திலிருந்து வந்தது, சங்கத்துக்குப் பால் ஊற்றியவர் அம்மிச்சி, செலவானதோ தேர்தலில். அப்புச்சி கூட்டங்களுக்கும் சிறைக்கும் போயிருந்த நாள்களில் மாடு கறந்ததும், தவணை கட்டியதும், மனுவோடு திண்ணையில் காத்திருந்தவர்களுக்குச் சோறு போட்டதும் அவரே. இவ்வாழ்க்கையை மூன்று பகுதிகளாகப் பிரித்தால், மூன்றையும் தாங்கி நின்றவருக்கு எந்தப் பகுதியிலும் இடமில்லாமற் போகிறது. இதை நேரில் சென்று எடுத்துச் சொன்னோம். அச்சக உரிமையாளர் மறுக்காமல் கேட்டுக்கொண்டு, 16 பக்கம் கொண்ட ஒரு ஃபாரத்தைக் கூடுதல் கட்டணத்தில் சேர்த்து, 160 பக்க மலரை 176 பக்கமாக்கித் தந்தார். அம்மிச்சியின் பேச்சு அந்தந்த ஆவணத்துக்கு அருகிலேயே இப்போது இருக்கிறது. தொகுப்பாளரின் உழைப்பு வீணாகாததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஆயினும் கேட்டுப் பெற வேண்டியதாக இது இருக்கக் கூடாது. அவர்கள் தம் வடிவமைப்பையே மாற்றிக்கொள்ள வேண்டும்.

படங்களிலும் கவனம் தேவை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைக் கணினியில் கூர்மையாக்குகிறோம் என்று முகங்களை மெழுகிவிட்டார்கள். அப்புச்சியின் நெற்றித் தழும்புகூட மறைந்திருந்தது. மங்கலாக இருந்தாலும் மூலப்படமே போதும் என்றதும் மறுப்பின்றி மாற்றினார்கள். முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது.

தாளும் கட்டும் குறை சொல்ல முடியாதவை. உரைப்பகுதிக்கு மேப்லித்தோ தாள், படங்களுக்கு ஆர்ட் தாள், நூல் தையலோடு கெட்டி அட்டை. பசையால் ஒட்டுவது மலிவுதான். ஆனால் ஊரெல்லாம் கைமாறும் மலருக்கு அது தாங்காது. கூடுதல் ஃபாரத்தோடு சேர்த்து மொத்தச் செலவு எண்பதாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. தொகுப்புப் பணிக்குத் தனிக் கட்டணம், அச்சுக்குத் தனிக் கட்டணம் என்பதால், விலைப்பட்டியலை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இரங்கற்பா எழுதித் தருவதாகவும் சொல்வார்கள். நாங்கள் வேண்டாமென்றோம், அந்தப் பக்கங்களில் பால் சங்கத்தின் பழைய தீர்மானங்கள் ஏறின.

அச்சுக் கோப்பையும் ஆவணங்களின் படிமங்களையும் பென் டிரைவில் தந்துவிட்டார்கள். மலரைப் படித்த பின், அம்மிச்சியோடு சங்கத்துக்குப் பால் ஊற்றிய பெண்கள் சிலர் தாங்களாகவே வந்து மேலும் பல செய்திகளைச் சொன்னதால், அவற்றையும் சேர்த்து 50 படிகள் மறு அச்சுக்குச் சொல்லியிருக்கிறோம். அதே தொகுப்பாளரைத்தான் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.