சிக்கரி கலந்த புதுமைப்பித்தன்: ஒரு மலிவுப் பதிப்பைப் பற்றி

பாளையங்கோட்டைப் புத்தகத் திருவிழாவிலும் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்துக் கடைகளிலும் கைக்கு எட்டுகிற இடத்திலேயே அடுக்கி வைத்திருக்கும் புத்தகம் இது. புதுமைப்பித்தன் சிறுகதைகள், முழுத் தொகுப்பு, ஒரே புத்தகம், விலை 350 ரூபாய். அவர் எழுத்தைத் தமிழ்நாடு அரசு 2002இல் நாட்டுடைமை ஆக்கிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சுப் போடலாம். போடுகிறார்கள். எந்தப் பதிப்பகம் என்பது வேண்டாம். இந்த விலையில் வரும் வேறு சிலவற்றுக்கும் இதே குறைகள் பொருந்தும்.

கட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். 700 பக்கத்துக்கு மேல், கெட்டி அட்டை. ஆனால் உள்ளே தையல் கிடையாது, வெறும் பசை. நம் ஊர் வெயிலில் ஒரு சித்திரை கழிந்தால் நடுவில் பிளந்துகொள்ளும். வாங்கும்போது முதுகின் மேல்விளிம்பைப் பாருங்கள். தாள்கள் சிறு சிறு மடிப்புகளாகத் தெரிந்தால் தையல்; ஒரே சீராக வெட்டின பலகை மாதிரி இருந்தால் பசை. எழுத்தும் பொடி எழுத்து. 350 ரூபாய்க்கு இவ்வளவும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத குறை உள்ளே இருக்கிறது.

புதுமைப்பித்தனின் ஆயுதம் அங்கதம். தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தை இரண்டாக வகுக்கிறது: வெளிப்படையாக வைதால் செம்பொருள் அங்கதம், மறைத்து வைதால் பழிகரப்பு. முதல் வகையை அச்சுப்பிழையால் ஒன்றும் செய்ய முடியாது. வசவில் ஓர் எழுத்து விழுந்தாலும் வசவு வசவுதான். இரண்டாவது வகை ஓர் ஒட்டுச் சொல்லில், ஒரு காற்புள்ளியில் தொங்கிக்கொண்டிருக்கும். அரை டீ வாங்கிக் கொடுத்தவரைப் பார்த்து, “அண்ணாச்சி தர்மப் பிரபுல்லா!” என்று டவுன் ரத வீதியில் ஒருவர் சொன்னால், அந்த எகத்தாளம் முழுக்க ‘ல்லா’வில் இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் பாராட்டுப் பத்திரம். இந்தப் பதிப்பில் மெய்ப்பு பார்த்தவர், அல்லது பார்க்காதவர், பல இடங்களில் அந்த ‘ல்லா’வை வெட்டியிருக்கிறார்.

‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையின் முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மேலகரம் மே.க.ரா. கந்தசாமிப் பிள்ளையவர்கள்’ என்று ஊர், இனிஷியல், ‘அவர்கள்’ எல்லாம் சேர்த்துக் கல்யாணப் பத்திரிகை மாதிரி தொடங்கும். இவ்வளவு மரியாதையோடு நிற்பவர் வெகு தீவிரமாக யோசிப்பது எதை? டிராமில் போனால் ஒன்றே காலணா, மிஞ்சுகிற காலணாவுக்கு வெற்றிலை; பஸ் கண்டக்டரை ஏமாற்றினால் அரைக் கப் காப்பி, ஆனால் வெற்றிலை கிடையாது. ‘அவர்கள்’ எவ்வளவு உயரமோ, காலணா அவ்வளவு பள்ளம். சிரிப்பு பிறப்பது அந்த இடைவெளியில். இந்தப் பதிப்பில் ‘அவர்கள்’ இல்லை. வெறும் ‘கந்தசாமிப் பிள்ளை’. யாரோ சுருக்கி நவீனமாக்கியிருக்கிறார்கள். விளைவு, பஸ்ஸுக்குக் காசில்லாத ஒரு மனிதரைப் பற்றிய சோகச் செய்தி.

அதே கதையில் ஹோட்டல் காட்சி. காப்பியைக் குடித்துவிட்டுக் கடவுள் வியக்கிறார். பிள்ளை, அது உமது லீலை இல்லை, ஹோட்டல்காரன் கலந்த சிக்கரியின் லீலை என்கிறார். சிக்கரி என்றால்? காப்பி மாதிரி இருக்கும், ஆனால் காப்பி அல்ல. தெய்வத்தின் பேரைச் சொல்லி ஊரை ஏமாற்றுகிறவர்கள் மாதிரி. கடவுளின் முகத்துக்கு எதிரே, காப்பிக்கு விளக்கம் சொல்லுகிற தொனியில், ஊர் தவறாமல் நடக்கும் ஒரு மோசடி போகிறபோக்கில் வந்து விழுகிறது. மூலத்தில் இது அரைப்புள்ளிகளால் கோத்த ஒரே மூச்சு. இங்கே மூன்று தனி வாக்கியங்களாக முற்றுப்புள்ளி வைத்து நறுக்கியிருக்கிறார்கள். மூன்றாவது துண்டு தனியாக நின்று உபதேசம் பண்ணுகிறது.

இன்னும் மோசம் ‘பொன்னகரம்’. மில்லில் வேலை பார்க்கும் அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் புருஷனுக்காக ஒரு சந்துக்குள் போய் முக்கால் ரூபாய் ‘சம்பாதித்துவிட்டாள்’ என்று கதை சொல்லும். அடுத்து, புருஷனுக்குப் பால் கஞ்சி வார்க்க‘த்தான்’. கடைசியில், “இதுதான், ஐயா, பொன்னகரம்!” அந்த ‘ஐயா’வின் இரு புறமும் உள்ள காற்புள்ளிதான் கதையின் கூர். வாசகரை மரியாதையாகக் கூப்பிட்டு, ஒரு கணம் நிறுத்தி, பிறகு ஊரைச் சுட்டிக் காட்டுகிறது. இரண்டு காற்புள்ளியையும் எடுத்து ‘இதுதான் ஐயா பொன்னகரம்’ என்று ஓடவிட்டால் சுற்றுலா வழிகாட்டி பேசுகிற மாதிரி இருக்கிறது. இந்தப் பதிப்பில் அப்படித்தான் இருக்கிறது.

நெல்லைப் பேச்சு வரும் இடங்களில் கம்ப்யூட்டர் கைவரிசை. ‘என்னவே’ என்பது இரண்டு இடத்தில் ‘எனவே’ ஆகியிருக்கிறது. ஒரு பிள்ளைவாள் இன்னொருவரை அதட்ட வாயெடுத்து, திடீரென்று தர்க்க சாஸ்திரம் பேசத் தொடங்குகிறார். (இதை மட்டும் புதுமைப்பித்தன் பார்த்திருந்தால் ரசித்திருப்பார்.) ‘வே’யில் பாதி மரியாதையும் பாதி இளக்காரமும் சேர்ந்திருக்கும். ‘நாசகாரக் கும்பல்’ மாதிரி, கிராமத்துச் சாதி மிடுக்கைக் குத்துகிற கதையில் யார் யாரை எப்படி விளிக்கிறார் என்பதே பாதிக் கதை. வட்டாரச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பக்கம்கூட விளக்கம் இல்லை. நமக்கு வேண்டாம், கோயம்புத்தூர்க்காரருக்கு வேண்டுமே. அணாக் கணக்குக்கும் குறிப்பு இல்லை. ரூபாய்க்கு 16 அணா, முக்கால் ரூபாய் 12 அணா என்று தெரியாத மாணவருக்குக் கந்தசாமிப் பிள்ளையின் காலணாக் கவலையும் அம்மாளுவின் முக்கால் ரூபாயும் எந்தத் தராசில் நிற்கின்றன என்பது புரியாது.

வரிசையும் கோளாறு. கதைகளை அகரவரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். எந்தப் பத்திரிகை, எந்த ஆண்டு என்ற தகவலே இல்லை. 1934இல் ‘மணிக்கொடி’யில் வந்த ‘பொன்னகரம்’ பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியது. 1943இல் ‘கலைமகள்’ வெளியிட்ட கந்தசாமிப் பிள்ளை கதை சாய்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டு எழுதியது. கோபம் எப்படிக் கிண்டலாக முற்றியது என்பதை ஆண்டு வரிசை இல்லாமல் பார்க்க முடியாது. அகலிகையை வைத்து அவர் எழுதிய ‘அகல்யை’, ‘சாபவிமோசனம்’ இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்க விரும்புகிறவர் எது முந்தியது என்று ஊகிக்கத்தான் வேண்டும். பின்னதின் தலையில் ஆசிரியர் குறிப்பு ஒன்று உண்டு: ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிபடாமல், அடைப்புக்குறிக்குள் ‘பிடிக்காமல்கூட’, இருக்கலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்று. குறிப்பு இருக்கிறது. அடைப்புக்குறி போய்விட்டது. பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானைத் தழுவிய கதைகளும் அடையாளம் இல்லாமல் சொந்தக் கதைகளோடு கலந்து கிடக்கின்றன. சமூகத்தைக் குத்தும் முறையைப் படிக்க வருகிற மாணவர் தழுவலில் வரும் பிரெஞ்சுக் கிண்டலை நெல்லைக் கிண்டல் என்று கட்டுரை எழுதிவிடும் ஆபத்து உண்டு.

நல்லது என்று சொல்ல இரண்டு உண்டு. ‘துன்பக்கேணி’, ‘செல்லம்மாள்’ போன்ற நீண்ட கதைகளில் பத்தி பிரிப்பு ஒழுங்காக இருக்கிறது. கிரந்த எழுத்தை நீக்கித் தூய தமிழாக்கும் வேலையிலும் இறங்கவில்லை. ‘ஜீவிய சந்தா’ இங்கே ‘வாழ்நாள் கட்டணம்’ ஆகவில்லை என்பதே நிம்மதி.

கடையில் நின்றபடியே எந்தப் பதிப்பையும் ஐந்து நிமிஷத்தில் சோதிக்கலாம். ‘பொன்னகரம்’ கடைசி வரியில் காற்புள்ளி, கந்தசாமிப் பிள்ளைக்கு ‘அவர்கள்’, ‘சாபவிமோசனம்’ தலைக்குறிப்பில் அடைப்புக்குறி, கதைக்குக் கீழே ஆண்டு. நான்கும் இருந்தால் விலை கூடுதலானாலும் அதையே எடுங்கள். ஆராய்ச்சிக்கும் பாடம் நடத்தவும் 350 ரூபாய்ப் பதிப்பு உதவாது. கதை மட்டும் போதும் என்றால் வாங்கலாம். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் நல்ல பதிப்பு ஒன்றை எடுத்துவைத்து, மேலே சொன்ன இடங்களைப் பென்சிலால் திருத்திக்கொள்ளுங்கள். திருத்தும்போது முழுக்க விரித்து அழுத்த வேண்டாம். ‘பொன்னகரம்’ உள்ள தாள்கள்தான் முதலில் கழன்று வருகின்றன.