211-க்கு அடித்தால் என்ன கிடைக்கும்? பெரில் புயலுக்குப் பிறகு எங்கள் எட்டு நாட்கள்

ஐஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்கத்தான் 211-ஐ அழைத்தேன். ஹூஸ்டனுக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஆபத்து என்றால் 911 தெரியும், குப்பை எடுக்க வராவிட்டால் 311 தெரியும். எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று வழி சொல்ல மூன்றாவதாக இப்படி ஒரு எண் இருப்பதை எதிர்வீட்டுப் பாட்டி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

2024 ஜூலை 8, திங்கட்கிழமை விடியற்காலை. பெரில், டெக்சஸ் கடற்கரையில் மட்டகோர்டா அருகே கரையைக் கடந்தபோது முதல் வகைப் புயல்தான். வகைகளிலேயே சின்னது. "கேட்டகரி ஒன்றுதானே" என்று நாங்களும் இரண்டு கட்டு தண்ணீர் பாட்டில் வாங்கி வைத்ததோடு சரி. காலை ஆறரைக்குக் கரண்ட் போனது. எங்களோடு சேர்த்து இந்த வட்டாரத்தில் 22 லட்சம் இணைப்புகளுக்கு மேல் போய்விட்டது என்பது பிற்பாடு தெரிந்தது. ஏழு மணிவாக்கில் பின்வீட்டு ஓக் மரத்துக் கிளை ஒன்று மாடி அறைக் கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தது. நல்லவேளை, அந்த அறையில் யாரும் இல்லை. கணவர் வேலை விஷயமாக வேறு மாநிலத்தில் இருந்தார். வீட்டில் நான், பதினொரு வயது மகன், அப்புறம் அத்தை. அத்தைக்கு 74 வயது, தினமும் இரண்டு வேளை இன்சுலின்.

கரண்ட் எப்போது வரும், எந்தப் பகுதியில் வந்துவிட்டது என்று பார்க்க மின் நிறுவனத்தின் மேப் ஒன்று இருந்திருக்க வேண்டும். மே 16 அன்று வீசிய டெரெச்சோ என்ற பெருங்காற்றுக்குப் பிறகு அது வேலை செய்யவில்லை. அதனால் ஊரே வாட்டாபர்கர் கடையின் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டது. திறந்திருக்கும் கிளைகள் ஆரஞ்சு நிறம், மூடியவை சாம்பல் நிறம். ஆரஞ்சு தெரிகிற இடத்தில் கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம். வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காத அத்தை, "ஏம்மா, அந்தப் பர்கர் கடை நம்ம பக்கம் ஆரஞ்சாயிடுச்சா?" என்று மணிக்கொரு தரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

செவ்வாய் இரவு வீட்டுக்குள் 91 டிகிரி ஃபாரன்ஹீட். ஃப்ரிட்ஜில் இருந்ததையெல்லாம் கொட்டியாகிவிட்டது; கதவைத் திறக்காமல் வைத்தாலும் நாலு மணி நேரம்தான் தாங்கும். பிரச்சினை சாப்பாடு இல்லை, இன்சுலின். திறந்த பேனா வெளியில் இருந்தாலும் நாலு வாரம் தாங்கும்தான், ஆனால் சூடு 86 டிகிரியைத் தாண்டக் கூடாது. பிரிக்காத பெட்டிகள் இரண்டு இருந்தன, அவை ஃப்ரிட்ஜிலேயே இருக்க வேண்டியவை.

புதன் காலை ஐந்து மணிக்கு, காரில் ஏற்றிய 18 சதவீத சார்ஜோடு 211-ஐ அடித்தேன். இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். மொழியைத் தேர்ந்தெடுத்து 1-ஐ அழுத்தினால் ஆள் பேசுவார். இந்த ஏற்பாடு 1997-ல் அட்லாண்டாவில் யுனைடெட் வே என்ற தொண்டு நிறுவனம் தொடங்கியது. 2000-ல் அமெரிக்கா முழுவதற்குமாக இந்த எண்ணை ஒதுக்கினார்கள். ஹூஸ்டன் பக்கத்து அழைப்புகளைப் பார்த்துக்கொள்வதும் யுனைடெட் வேதான். சாதாரண நாட்களில் வாடகை கட்ட முடியாதவர்கள், உணவு வங்கி தேடுபவர்கள் அழைப்பார்கள். புயல் வந்தால் அதே ஆட்கள், அதே பட்டியல், கூடவே நிவாரண விவரங்கள்.

எடுத்த பெண்ணிடம் என் ஜிப் கோடைச் சொல்லி, "ஐஸ் எங்கே கிடைக்கும்?" என்றேன். சட்டென்று ஒரு முகவரியைப் படித்துவிட்டு வைத்திருக்கலாம். அவர் கேட்டது இது: "ஐஸ் எதற்கு? சாப்பாட்டுக்கா, மருந்துக்கா?"

இன்சுலின் என்றதும் அடுத்தடுத்துக் கேள்விகள். எத்தனை பேர், வயது என்ன, வண்டி இருக்கிறதா, பெட்ரோல் இருக்கிறதா, மாடி ஏற முடியுமா. மூன்று நிமிடத்தில் நான் கேட்ட ஐஸ் பின்னால் போய்விட்டது. ஜெனரேட்டரில் ஓடும் ஒரு சமூகக் கூடத்தை முதலில் சொன்னார், ஒரு சர்ச்சில் ஐஸ் கொடுப்பதை இரண்டாவதாகச் சொன்னார். கூடவே, "கிளம்புவதற்கு முன் அவர்களுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள், நிலைமை மணிக்கு மணி மாறுகிறது" என்றார். இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

ஐஸை விட மனமில்லாமல் முதலில் சர்ச்சுக்குப் போனேன். எட்டு மணிக்குக் கார் வரிசை முக்கால் மைல். ஏசி போட்டால் பெட்ரோல் தீரும், போடாவிட்டால் அத்தை தாங்க மாட்டார். ஐந்து நிமிடம் போட்டு, ஐந்து நிமிடம் நிறுத்தி ஊர்ந்தோம். ஒன்பதே முக்காலுக்கு ஒரு பையன் வண்டி வண்டியாக வந்து ஐஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனான். எட்டு மணிக்கே வாசலில் ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தால் பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்போம். போன் போட்டுக் கேட்காதது என் தப்பு, சரி. ஆனால் வரிசையில் நிற்பவர்களுக்கு எத்தனை மூட்டை மிச்சம் என்று சொல்ல ஒரு ஆளை நிறுத்துவது பெரிய வேலை இல்லை. இவர்களுக்கு 5-க்கு 2.

சமூகக் கூடம் வேறு மாதிரி. கூடைப்பந்து மைதானத்தில் மடக்கு நாற்காலிகள், சுவர் ஓரமாக எக்ஸ்டென்ஷன் வயர்கள், ஒவ்வொரு வயரிலும் எட்டுப் பத்து போன்கள். நுழையும்போதே ஒரு மேஜை. அங்கிருந்த தன்னார்வலர், ஓய்வு பெற்ற நர்ஸ், எங்கள் கையில் இருந்த பையைப் பார்த்ததுமே "மருந்தா?" என்று கேட்டார். அவர் பின்னால் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். அதில் இருபது முப்பது பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பேரும் ஒரு எண்ணும். அத்தையின் பெயர் பதினாறு எழுத்து. அவர் முதல் நாலு எழுத்தை எழுதி, மூச்சு வாங்கிவிட்டு, மீதிக்கு ஒரு பூவை வரைந்துவிட்டார். அன்றிலிருந்து அத்தை அங்கே 'பூ அம்மா'தான். பதிவு நோட்டில் நேரம் குறித்து, எடுக்கும்போது கையெழுத்து வாங்கினார்கள். இன்சுலினை ஐஸ் மேல் நேராக வைக்கவே கூடாது, உறைந்துவிட்டால் குப்பையில்தான் போட வேண்டும், துண்டில் சுற்றித்தான் வைக்க வேண்டும் என்று சொன்னதும் அவர்தான். அந்த ஐஸ் கிடைத்திருந்தால் நான் நேராக அதன் மேல்தான் வைத்திருப்பேன்.

குறை இல்லாமல் இல்லை. மாலை ஏழு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். படுக்க இடம் இல்லை. கழிவறை இரண்டுதான். மதியச் சாப்பாட்டில் மாமிசம் இல்லாதது என்றால் ஆப்பிளும் சிப்ஸும். அத்தை மூன்று நாள் அதைத்தான் சாப்பிட்டார், நாலாம் நாள் ஒரு குஜராத்திக் குடும்பம் தெப்லா கொண்டுவந்து எங்களைக் காப்பாற்றியது. மொத்தத்தில் 5-க்கு நாலரை, அந்த அரை மதிப்பெண் கழிவறைக்காக.

கூரைக்கு வருவோம். வியாழனன்று இரண்டு பேர் கதவைத் தட்டினார்கள். கிளையை வெட்டித் தார்பாய் போட 1,800 டாலர், பாதி இப்போதே பணமாக வேண்டும் என்றார்கள். லைசென்ஸ், முகவரி எதற்கும் பதில் இல்லை. நல்லவேளை, முதல் நாளே 211-ல் கூரையைப் பற்றியும் வாய் தவறிச் சொல்லியிருந்தேன். கிரைசிஸ் கிளீனப் என்ற ஹாட்லைனில் பதிவு செய்யச் சொல்லியிருந்தார்கள். நம் வீட்டு வேலை ஒரு பொதுப் பட்டியலில் ஏறும், அந்தப் பகுதியில் இருக்கும் தன்னார்வக் குழு ஏதாவது எடுத்துச் செய்யும். காசு இல்லை, ஆனால் வருவார்கள் என்ற உத்தரவாதமும் இல்லை. அதை அவர்களே முதலில் சொல்லிவிடுகிறார்கள். எங்களுக்கு சனிக்கிழமை ஐந்து பேர் வந்தார்கள். வந்தவர்களில் மூத்தவருக்கு எழுபது இருக்கும். கிளையை அறுத்து இறக்கி, நீலத் தார்பாயை மரச் சட்டங்கள் வைத்து ஆணி அடித்து, ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். அத்தை மோர் கொடுக்க முடியவில்லையே என்று புலம்பிக்கொண்டே வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்தார்.

இன்ஷூரன்ஸ் கதை சுருக்கமானது. புயல் சேதத்துக்கு டிடக்டிபிள் தனி, வீட்டுக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம். 3 லட்சம் டாலர் காப்பீடு என்றால் 6,000 வரை நம் கைக்காசு. பழுதுக்கு மதிப்பீடு 4,200. ஆகவே கிடைத்தது பூஜ்யம். பாலிசியை இதற்கு முன் படித்துப் பார்த்திருந்தால் அதிர்ச்சியாவது மிச்சமாகியிருக்கும்.

அந்த வாரக் கடைசியில் ஃபீமா என்ற மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பின் உதவிக்கும் விண்ணப்பிக்கலாம் என்று வந்தது. கூடத்திலேயே ஒரு கல்லூரிப் பெண் லேப்டாப்போடு உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் நிரப்பிக் கொடுத்தாள். உணவு, தண்ணீர், மருந்து போன்ற அவசரத் தேவைக்கென்று அப்போது 750 டாலர் கொடுத்தார்கள். எனக்கு முதலில் வந்தது 'தகுதி இல்லை' என்ற கடிதம். பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றியது. அந்தப் பெண்தான் இரண்டாம் பக்கத்தைப் படிக்கச் சொன்னாள்: இன்ஷூரன்ஸ் முடிவுக் கடிதத்தை இணைக்கவில்லை, அவ்வளவுதான். நான் விட்டது. 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அனுப்பினேன், வந்தது. இந்த முதல் கடிதத்தோடு கைகழுவிவிட்ட நாலு பேரை எனக்கே தெரியும்.

கரண்ட், 15-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு வந்தது. தெருவே கைதட்டியது.

இனி 211-க்கு மதிப்பெண். அது ஐஸ் கொண்டுவந்து தராது, கரண்ட் எப்போது வரும் என்று சொல்லாது, ஆம்புலன்ஸ் அனுப்பாது. வழி மட்டும் சொல்லும். அதற்கு நாம் வாயைத் திறந்து வீட்டு நிலைமையைச் சொல்ல வேண்டும். நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு: "அடுத்தவனுக்குத் தேவைப்படும், நமக்கு எதற்கு" என்று அரைகுறையாகக் கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். ஐஸ் என்று மட்டும் கேட்டால் ஐஸ்தான். வயதானவர், மருந்து, கூரையில் ஓட்டை, கணவர் ஊரில் இல்லை என்று எல்லாவற்றையும் ஒரே அழைப்பில் கொட்டிவிடுங்கள். விடியற்காலையில் அழையுங்கள். சொல்லும் இடங்களின் போன் எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 5-க்கு 5 கொடுக்கிறேன். அந்த ஒரு கேள்விக்கே கொடுக்கலாம்.

அதே எண்ணில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஸ்டியர் என்று டெக்சஸ் அரசின் பதிவேடு: மருத்துவ உதவி தேவைப்படுபவர்கள், நடக்க முடியாத நிலையில் இருப்பவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்து வைக்கலாம். உள்ளூர் அதிகாரிகள் திட்டமிட உதவும். கட்டாயம் வந்து தூக்கிச் செல்வார்கள் என்று அர்த்தமில்லை. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

அடுத்த புயல் பருவம் தொடங்கும் முன் அத்தை பெயரைப் புதுப்பிக்க அழைத்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். வைத்த பிறகு அத்தை கேட்டார்: "ஐஸ் எதுக்குன்னு கேட்டுதே, அந்தப் பொண்ணா?"

இல்லை அத்தை, இது வேற குரல் என்றேன்.