கொரோனா கிராண்ட் வாங்கித் தருகிறேன் என்றவரிடம் 200 டாலர் ஏமாந்தேன்

போன வாரம் தங்கையின் தோழி ஒரு வாட்ஸ்அப் மெசேஜை அனுப்பி, "இது நிஜமாண்ணா?" என்று கேட்டாள். அமெரிக்காவில் படிக்கும் மாணவர்களுக்கு ஃபெடரல் அவசர நிவாரணம், எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர்களுக்கும் உண்டு, புராசஸிங் ஃபீஸ் மட்டும் கட்டினால் போதும். படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. 2021-ல் இதையே நம்பி 200 டாலர் அழுதவன் நான்.

அப்போது எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன். கேம்பஸ் வேலை போய், ரூம் வாடகைக்கே ததிங்கிணத்தோம். 2020-ல் கேர்ஸ் என்ற கொரோனா நிவாரணச் சட்டப்படி மாணவர்களுக்கு வந்த பணம் வெளிநாட்டு மாணவர்களான எங்களுக்குக் கிடையாது. ஃபெடரல் கல்வி உதவிக்குத் தகுதியுள்ளவர்களுக்கு மட்டும்தான் என்று கல்வித் துறை சொல்லிவிட்டது. 2021 மே மாதம் விதி மாறியது. 2020 மார்ச் 13 அன்றோ அதற்குப் பிறகோ கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தால் போதும், எந்த விசாவாக இருந்தாலும் கொடுக்கலாம், ஃபாஃப்ஸா என்ற ஃபெடரல் கல்வி உதவி விண்ணப்பத்தைக்கூட நிரப்ப வேண்டாம். யாருக்கு எவ்வளவு என்பது கல்லூரியின் முடிவு. கஷ்டம் அதிகமுள்ளவர்களுக்கு முன்னுரிமை.

கிராண்ட் வாங்கித் தருகிறேன் என்று வந்த ஆள் சொன்னதில் இவ்வளவும் உண்மை. அதனால்தான் விழுந்தேன். "தம்பி, நம்ம பசங்களுக்கு விவரமே தெரியல. கோட்டா முடியறதுக்குள்ள போட்டுடலாம்." ஃபீஸுக்கு 100 டாலர் கிஃப்ட் கார்டு இரண்டு. கடை வாசலிலேயே நின்று, கால் டாலர் காசால் வெள்ளிப் பூச்சைச் சுரண்டி, நம்பரை போட்டோ எடுத்து அனுப்பினேன். அரசாங்கம் எதற்கடா கிஃப்ட் கார்டில் ஃபீஸ் வாங்குகிறது என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. அடுத்து காலேஜ் போர்ட்டல் பாஸ்வேர்டு கேட்டார். கொடுத்தேன். போனில் வந்த லாகின் அப்ரூவலையும் நானே அமுக்கினேன்.

மறுநாள் காலை கல்லூரியிலிருந்து மெயில்: உங்கள் டைரக்ட் டெபாசிட் கணக்கு (கல்லூரி பணம் போடும் வங்கிக் கணக்கு) மாற்றப்பட்டுள்ளது. அப்போதுதான் உறைத்தது. 200 டாலர் வெறும் முன்பணம். அவர் குறி வரப்போகும் கிராண்ட் மேல். ஃபைனான்ஷியல் எய்டு ஆபீசுக்கு ஓடினேன். அங்கிருந்த அம்மா கணக்கை முடக்கிவிட்டு, ஒரு பக்க ஃபாரத்தை நீட்டினார். ஃபீஸ் ஒரு பைசா இல்லை. மூன்று வாரத்தில் 700 டாலர் வந்தது. திருப்பிக் கட்ட வேண்டாம், அதற்கு வருமான வரியும் இல்லை. கிஃப்ட் கார்டு காசு போனது போனதுதான். மோசடிப் புகார்களை வாங்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிசியின் தளத்தில் புகார் கொடுத்ததோடு சரி.

அந்த நிவாரணத் திட்டமே முடிந்து வருஷங்களாகிவிட்டன. தோழிக்கு வந்த வாய்ஸ் மெசேஜையும் வாங்கிக் கேட்டேன். நம்பர் வேறு, குரல் வேறு. "தங்கச்சி, கோட்டா முடியறதுக்குள்ள..." என்றுதான் ஆரம்பித்தது.