சனி வளையத்தின் பிளவைப் பார்க்க 6 அங்குல டாப்சோனியன் போதுமா?

சனியின் வளையத்தோடு அதிலுள்ள பிளவான காசினி இடைவெளியையும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஸ்கை-வாட்சர் 150பி என்ற டாப்சோனியன் (எளிய பீடத்தில் வைத்துக் கையால் திருப்பும் ஆடித் தொலைநோக்கி) போதும். ஆடியின் விட்டம் 6 அங்குலம், குவியத்தூரம் 1,200 மி.மீ. கூடவே வரும் 25 மி.மீ. ஐபீஸில் (கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லை) உருப்பெருக்கம் 48 மடங்கு: வளையம் கோளைத் தொடாமல் நிற்பது தெரியும். 10 மி.மீ. ஐபீஸில் 120 மடங்கு. பிளவுக்கு 6 மி.மீ. ஐபீஸ் ஒன்றைத் தனியாக வாங்கிவிடுங்கள். காற்று அமைதியாக இருந்தால் 200 மடங்கில், வளையத்தின் இரு முனைகளிலும் மெல்லிய கருங்கோடு தெரியும்.

இந்தப் பிளவின் அகலம் சுமார் 4,700 கி.மீ. வளையத்துப் பனித்துண்டுகள் ஓயாமல் மோதிக்கொள்வதால் வளையம் தானாகவே வெளிப்பக்கம் பரவப் பார்க்கும். ஆனால் பிளவின் உள்விளிம்பில் இருப்பவை, மைமாஸ் நிலவு ஒருமுறை சுற்றுவதற்குள் இருமுறை சுற்றிவிடுகின்றன. மைமாஸின் இழுப்பு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழுந்து, பெருகி, பரவலை அங்கேயே நிறுத்துகிறது. 400 கி.மீ. விட்டம்கூட இல்லாத ஒரு நிலவின் வேலையை மொட்டைமாடியிலிருந்து பார்க்க முடிகிறது! வளையத்துத் துண்டுகள் திரண்டு நிலவாகாததற்குக் காரணம் வேறு: அவ்வளவு அருகில், துண்டுகள் ஒன்றையொன்று ஈர்ப்பதைவிடச் சனி அவற்றைப் பிரித்திழுப்பது வலியது.

பான் என்ற இன்னொரு நிலவு துண்டுகளைத் துடைத்து வளையத்தில் உண்டாக்கிய என்கே இடைவெளியின் அகலம் 325 கி.மீ. மட்டுமே. இந்தக் கருவியில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

பிளவு தெரியாமல் போவது பெரும்பாலும் மூன்று காரணங்களால். வண்டியில் குலுங்கி வந்த ஆடி சாய்ந்திருக்கும்: ஒரு விண்மீனைக் குவியம் விலக்கிப் பாருங்கள், வட்டங்கள் ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் அடியிலுள்ள திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சரிசெய்யுங்கள். குழாய் வீட்டுச் சூட்டோடு இருந்தால் பிம்பம் கொதிக்கும், அரைமணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள். மூன்றாவது காரணம், வளையத்தின் சாய்வு. 2025 மார்ச்சில் விளிம்பு மட்டும் நம்மை நோக்கியிருந்தது. 2032 வரை மெல்ல விரியும். சாய்வு குறைந்த ஆண்டுகளில் கருவியைக் குறை சொல்லக்கூடாது.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. இந்த ஆண்டுகளில் சனி நமக்கு ஏறக்குறைய உச்சிக்கே வருகிறது. உச்சியருகே டாப்சோனியன் பீடத்தை நிறையச் சுழற்றினால்தான் குழாய் கொஞ்சம் நகரும். 50 முதல் 65 பாகை உயரத்தில் இருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. சாதாரண 6 மி.மீ. ஐபீஸில் கோள் ஒரு நிமிடத்தில் பார்வைப்புலத்தைக் கடந்துவிடும், கையால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நீண்ட நேரம் படமெடுக்கும் ஆசை இருந்தால், மோட்டார் பொருத்திய பீடத்துக்குப் பணம் சேர்ப்பதே சரி.