தனிப் பாடமா, பாடத்துக்குள் பாடமா: புவி அறிவியல் துறைகளில் நிலைத்தன்மைக் கல்வி

புவி அறிவியல் மாணவர்களுக்கு நீடித்த நிலைத்தன்மையைக் கற்பிக்க வேண்டும் என்பதில் இன்று பெரிதாக எவருக்கும் மறுப்பில்லை. அதை எந்த இடத்தில் வைத்துக் கற்பிப்பது என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. அதற்கெனத் தனிப் பாடம் ஒன்றை அமைக்கலாம். நிலத்தடி நீர், கனிமவியல், சரிவுநிலைப் பகுப்பாய்வு போன்ற இருக்கும் பாடங்களுக்குள்ளேயே கலந்துவிடலாம். இறுதியாண்டில் உள்ளூர்ச் சிக்கல் ஒன்றைக் கொடுத்துப் பல துறை மாணவர்களைக் கூட்டாக உழைக்கவிடலாம். கோலாலம்பூரில் இருந்துகொண்டு யோசிக்கும் எனக்கு இரண்டாவது வழியே வலுவாகத் தெரிகிறது. ஆனால், அதன் குறை சிறியதன்று.

தனிப் பாடத்தை நடத்துவது எளிது. ஒரு விரிவுரையாளர், சில கிரெடிட், ஒரு தேர்வு என்று முடிந்துவிடும். 2008 இல் உயர்சிறப்புக்கான அரசின் ஏபெக்ஸ் தகுதியைப் பெற்ற பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் நிலைத்தன்மையைத் தன் நோக்கத்தின் மையத்திலேயே வைத்தது. பல்கலைக்கழகம் முழுவதையும் தழுவிய அத்தகைய நோக்கத்துக்குப் பொதுப் பாடம் பொருந்தும்; மருந்தியல் மாணவரும் புவி இயற்பியல் மாணவரும் ஒரே அரங்கில் அமர்ந்து வாதிடுவது மற்ற வழிகளில் எளிதில் கிட்டாத நன்மை. எனினும், 1987 ஆம் ஆண்டின் புருண்ட்லாந்து அறிக்கை நீடித்த வளர்ச்சிக்குத் தந்த வரையறையையும் 2015 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளையும் காலையில் படித்த மாணவர், மாலையில் மலைச்சரிவு ஒன்றின் உறுதியைக் கணக்கிடும்போது இரண்டுக்கும் தொடர்பே இல்லாததுபோல் நடந்துகொள்ள நேர்கிறது. (17 இலக்குகளையும் தேர்வுக்கு முந்தைய இரவில் மனனம் செய்துவிடலாம் என்பது மாணவர்களுக்குத் தெரியாததன்று.)

கலந்து கற்பிப்பதன் பயனை உலு கிள்ளான் ஹைலண்ட் டவர்ஸ் நிகழ்வைக் கொண்டு சோதிக்கலாம். 1993 டிசம்பர் 11 அன்று, தொடர்மழைக்குப் பின், அங்கிருந்த மூன்று 12 மாடிக் கட்டடங்களில் ஒன்று சாய்ந்து 48 பேர் இறந்தனர். வழக்கமான வகுப்பில் இது ஒரு கணக்கு: சரிவைத் தாங்கும் விசையைச் சரியவைக்கும் விசையால் வகுத்தால் பாதுகாப்புக் காரணி கிடைக்கும், மழைநீர் ஊறி நுண்துளை நீரழுத்தம் (மண்துகள்களின் இடைவெளியில் உள்ள நீரின் அழுத்தம்) ஏறும்போது அந்த எண் குறையும், ஒன்றுக்குக் கீழே இறங்கினால் சரிவு இடியும். அதே வகுப்பில் இன்னும் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், மேலேயுள்ள மலையில் மரங்களை வெட்டியது யார், ஓடை எப்படித் திருப்பிவிடப்பட்டது, மேம்பாட்டாளர் போன பிறகு வடிகால்களையும் தாங்குசுவர்களையும் பராமரிக்க வேண்டியவர் யார் என்ற கேள்விகளும் எழும். குடியிருப்பாளர்களின் வழக்கில், நகராண்மைக் கழகத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 2006 இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் மாணவர் படித்தால், நீரழுத்தம் என்ற எண்ணுக்குப் பின்னால் நிர்வாகமும் சட்டமும் நிற்பது புலப்படும். 2008 ஆம் ஆண்டின் நிலவியலாளர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்று, நாளை அறிக்கைகளில் கையொப்பமிடப் போகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சி எதுவென்று தெரியவில்லை. கனிமவியல் வகுப்பில் பேராக், புக்கிட் மேராவைக் கொண்டு இதையே செய்யலாம்: வெள்ளீயச் சுரங்கக் கழிவிலிருந்து கிடைத்த மோனசைட் என்ற கனிமம், அதிலிருந்து பிரித்தெடுத்த அரிய மண் தனிமங்கள், மிஞ்சியது கதிரியக்கத் தோரியம் கலந்த கழிவு.

குறை எங்கே என்றால், எல்லாரும் கற்பிக்க வேண்டியதை எவரும் கற்பிக்காமல் விட்டுவிடும் வாய்ப்பில். பாடத்திட்டம் முடியாமல் செமஸ்டர் நெருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இந்த இரண்டு மணி நேரம்தான். அமெரிக்காவில் 2012 இல் தொடங்கிய இன்டக்ரேட் திட்டம் இதற்கு நல்லதொரு விடையைக் கண்டது. இரண்டு மூன்று வாரங்களில் முடியக்கூடிய, உண்மைத் தரவுகளைக் கொண்டு சமூகச் சிக்கல் ஒன்றைப் புவி அறிவியலோடு இணைக்கும் பாட அலகுகளை ஆயத்தமாகத் தந்துவிட்டதால், விரிவுரையாளர் எல்லாவற்றையும் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. அவற்றிலுள்ள அமெரிக்க உதாரணங்களுக்குப் பதிலாக நம் மழையையும் நம் மண்ணையும் வைப்பதுதான் மிச்சமுள்ள உழைப்பு.

கூட்டுத் திட்டப்பணி மூன்றிலும் கவர்ச்சியானது. பத்துமலையையே எடுத்துக்கொள்ளலாம். படிகள் 272 என்று சொல்லத் தெரிந்த நம்மில் எத்தனை பேர், அந்தச் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமையானது என்பதை அறிவோம்? குகைவாழ் உயிரினங்கள், கல்லுடைப்பின் பழைய தழும்புகள், சுற்றி நெருங்கும் கட்டடங்கள், தைப்பூசக் கூட்டம் ஆகிய அனைத்தும் ஒரே குன்றில் உள்ளன. ஆனால், பன்னிரண்டு மாணவர்களைக் களத்தில் வழிநடத்தும் விரிவுரையாளரால் அறுபது பேரை அப்படி நடத்த இயலாது; அடிப்படை இல்லாத முதலாண்டு மாணவர் அங்கே வெறும் பார்வையாளராகவே நிற்பார்.

ஆகவே, துறைகளை ஒப்பிடும் மாணவரும் பெற்றோரும், நிலைத்தன்மை என்ற பெயரில் பாடம் இருக்கிறதா என்று கையேட்டில் தேடுவதைவிட, சரிவுநிலைப் பாடத்தின் மதிப்பெண் பகிர்வைப் பார்ப்பது நல்லது. இத்தகைய அலகுக்கு இடுபணியில் எத்தனை விழுக்காடு, இறுதித் தேர்வில் ஒரு கேள்வியேனும் உண்டா என்பதை அங்கே காணலாம்.