கோத்தகிரியில் விர்ச்சுவல் மெஷின்களும் பாதியில் நிற்கும் பில்டுகளும்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

தேயிலைத் தொழிற்சாலை டிரையர்களின் வெப்பநிலையைப் பதிவுசெய்யும் சிறு கருவிகளுக்கு, யோக்டோ என்ற கட்டுமானக் கருவித்தொகுப்பு கொண்டு லினக்ஸ் மென்பொருள் உருவாக்கித் தருவது என் வேலை. கருவிகள் வெவ்வேறு காலத்தில் வடிவமைக்கப்பட்டவை என்பதால் ஒவ்வொன்றும் உபுண்டு என்ற லினக்ஸ் வெளியீட்டின் ஒரு பழைய பதிப்பைக் கேட்கிறது. 18.04, 20.04, 22.04 ஆகிய மூன்றும் கோத்தகிரியில் என் வீட்டு மேசைக் கணினியிலேயே தனித்தனி விர்ச்சுவல் மெஷின்களாக (வி.எம்., கணினிக்குள் ஓடும் மென்பொருள் கணினி) ஓடுகின்றன. தொடக்கத்தில் அவற்றை ஓட்ட விர்ச்சுவல்பாக்ஸ் பயன்படுத்தினேன். அவற்றைத் தாங்கும் கணினியான ஹோஸ்ட்டையும் லினக்ஸுக்கு மாற்றிய பிறகு, லினக்ஸிலேயே உள்ள கேவிஎம்முக்கு வந்துவிட்டேன்.

இத்தனை ஆண்டுப் புழக்கத்தில் கைவந்த முதல் சோதனை மிக எளியது. பில்டு, அதாவது மூல நிரலிலிருந்து மென்பொருளை உருவாக்கும் ஓட்டம், நின்றால், எதையும் மாற்றாமல் அதே கட்டளையை இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கிறேன். பிழை அதே கோப்பில் அதே வரியில் வந்தால் நிரலைத் திறக்கலாம்; வேறு இடத்துக்கு நகர்ந்திருந்தால் நிரலைத் தொடாமல் மெஷினைப் பார்க்க வேண்டும். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலரும் சில லினக்ஸ் வெளியீடுகளில் இதையே செய்கிறது: உட்பிழையால் விழும்போது தன்னைத் தானே மறுபடி ஓட்டிப் பார்த்து, பிழை திரும்ப வராவிட்டால் வன்பொருளிலோ இயங்குதளத்திலோ கோளாறு இருக்கலாம் என்று எழுதிவிட்டு நிற்கிறது. பலர் அந்த வரியைப் படிக்காமல் மேலே உள்ள நீண்ட பிழைச் செய்தியை நகலெடுத்துத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள்.

நகரும் பிழைகளில் பெரும்பாலானவை ரேம் போதாமையால் வருபவை. என் கணினியில் 32 ஜிபி, ஒரு வி.எம்.முக்கு 16 ஜிபியும் எட்டு சிபியுவும் கொடுத்திருக்கிறேன். யோக்டோ இயல்பு நிலையில் ஒரே நேரத்தில் எத்தனை பணிகளை ஓட்டலாம் என்பதற்கும், ஒவ்வொரு பணிக்குள்ளும் மேக் என்ற கருவி எத்தனை கம்பைலர்களை எழுப்பலாம் என்பதற்கும் சிபியு எண்ணிக்கையையே எடுத்துக்கொள்கிறது. இரண்டும் பெருகுவதால் எட்டு சிபியு என்பது மோசமான தருணத்தில் 64 கம்பைலர்கள் வரை போகும். எல்எல்விஎம் போன்ற பெரிய சி++ தொகுப்பில் ஒரு கம்பைலரே ஒரு ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஏதாவது ஒன்றைப் பலிகொடுத்துத்தான் மற்றவற்றைக் காப்பாற்றும். அப்போது திரையில் 'கில்ட்' என்ற ஒற்றைச் சொல் மட்டுமே மிஞ்சும், அல்லது 137 என்ற வெளியேறு எண் தெரியும். 128-உடன் கொல்லும் சிக்னலின் எண்ணான 9-ஐக் கூட்டினால் வருவது அந்த எண். கெர்னல் பதிவைப் பார்த்தால் எந்த நிரல் எவ்வளவு நினைவகத்துடன் கொல்லப்பட்டது என்பது தெளிவாக இருக்கும். டெஸ்க்டாப்புடன் நிறுவிய 22.04-இல் இன்னொரு விசித்திரமும் உண்டு. அதில் இயல்பாகவே இயங்கும் சிஸ்டம்டி ஊம்டி என்ற நினைவகக் காவல் நிரல், நினைவக நெருக்கடியில் டெர்மினலையே மொத்தமாக மூடிவிடக்கூடும். பிழைச் செய்திகூட மிஞ்சாது. பில்டுக்கு டெஸ்க்டாப் இல்லாத சர்வர் பதிப்பே போதும் என்று நான் முடிவெடுத்ததற்கு இதுவே காரணம். மேற்சொன்ன இரண்டு எண்ணிக்கைகளையும் தீர்மானிக்கும் பிபி நம்பர் திரெட்ஸ், பேரலல் மேக் ஆகிய இரண்டு அமைப்புகளையும் நான்காகக் குறைத்திருக்கிறேன். எல்எல்விஎம்மைத் தனியே பில்டு செய்வோர் நிஞ்ஜா என்ற பில்டு கருவியுடன் எல்எல்விஎம்மின் பேரலல் லிங்க் ஜாப்ஸ் அமைப்பை ஒன்றாகவோ இரண்டாகவோ வைப்பது நல்லது. ரேமைக் கம்பைலரைவிட கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர்தான் அதிகம் விழுங்குகிறது.

மலைக்கே உரிய தொல்லை கடிகாரத்தில் இருக்கிறது. கூடலூரும் அவலாஞ்சியும் தென்மேற்குப் பருவமழையில் நனைந்தால், குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான் அடைமழை. ஒரு கற்பூர மரம் கம்பியில் சாய்ந்தால் மின்சாரம் போகும். அதே மரம் இணையக் கேபிளையும் இழுத்துக்கொண்டு விழுந்தால் மின்சாரம் திரும்பி வெகுநேரமாகியும் இணையம் வராது. யுபிஎஸ் தாங்கும் சில நிமிடங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் வி.எம்.மின் நிலையை அப்படியே வட்டில் சேமித்துவிட்டு ஹோஸ்ட் அணையும்படி வைத்திருக்கிறேன். மின்சாரம் வந்ததும் பில்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் உள்ளேயிருக்கும் கடிகாரமும் விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

மேக் என்பது 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. மூலக் கோப்பின் நேரமும் அதிலிருந்து உருவான கோப்பின் நேரமும் ஒப்பிடப்பட்டு, எது புதியது என்பதை வைத்தே எதை மீண்டும் கம்பைல் செய்வது என்று அது தீர்மானிக்கிறது. வி.எம். இரண்டு மணி நேரம் பின்தங்கியிருக்க, ஹோஸ்ட்டில் திருத்திய கோப்பு உள்ளே வந்தால், அதற்கு எதிர்கால நேரம் இருப்பதாக மேக் எச்சரித்துவிட்டு அதையே திரும்பத் திரும்பக் கம்பைல் செய்யும். இது வெறும் நேர விரயம். கடிகாரம் முன்னால் ஓடியிருந்து பிறகு திருத்தப்படுவதுதான் ஆபத்து: உருவான கோப்பு எதிர்கால நேரத்தைச் சுமந்திருக்கும், இப்போது செய்த திருத்தம் அதைவிடப் பழையதாகத் தோன்றும், பில்டு வெற்றி என்றே முடியும், கருவியிலோ பழைய நிரல் போய் உட்கார்ந்திருக்கும். உபுண்டுவின் பொதி நிறுவியான ஆப்ட் இந்த விஷயத்தில் நேர்மையானது. கடிகாரம் பின்தங்கியிருந்தால் வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லத்தக்கதாகவில்லை என்று கூறி நின்றுவிடும்.

குன்னூரில் இதே வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் மழைக்கால மாலையொன்றில் அழைத்து, "அண்ணா, கோடுல ஒண்ணுமே மாத்தல, நேத்து முடிஞ்ச பில்டு இன்னிக்கு முதல்ல இருந்து ஓடுது" என்றார். "கோட விடுங்க தம்பி, உள்ள ஒரு தடவ டேட் அடிச்சுப் பாருங்க" என்றேன். வி.எம்.மின் கடிகாரம் முந்தைய நாள் மாலையிலேயே நின்றிருந்தது.

விர்ச்சுவல்பாக்ஸில் வி.எம்.முக்குள் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை நிரல்களை நிறுவியிருந்தால், சேமித்த நிலையிலிருந்து எழும்போது அதுவே நேரத்தைச் சரிசெய்கிறது. கேவிஎம்மில் நாமே ஏற்பாடு செய்ய வேண்டும். இணையம் இல்லாத வேளையில் நேரம் தரும் என்டிபி சர்வரை எட்ட முடியாது; ஆனால் ஹோஸ்ட்டின் கடிகாரம் அருகிலேயே சரியாக ஓடிக்கொண்டிருக்கிறது. பிடிபி கேவிஎம் என்ற கெர்னல் மாட்யூலை உள்ளே ஏற்றினால் ஹோஸ்ட்டின் நேரம் ஒரு சாதனமாகத் தெரியும். கடிகாரத்தைச் சரிசெய்யும் நிரலான குரோனியை அதிலிருந்து படிக்கச் சொன்னால் இணையமே தேவையில்லை. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. குரோனியின் வழக்கமான அமைப்பில் மேக்ஸ்டெப் என்பது தொடங்கிய பின் வரும் முதல் சில திருத்தங்களில் மட்டுமே கடிகாரத்தை ஒரேயடியாகத் தாவ விடுகிறது. உறக்கத்திலிருந்து எழுந்த வி.எம்.மில் குரோனி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால், பெரிய இடைவெளியையும் சிறுகச் சிறுகவே நிரப்ப முயலும். அந்த எல்லையை மைனஸ் ஒன்று என்று மாற்றினால் எப்போது வேண்டுமானாலும் தாவும். மலைப்பகுதியில் கேவிஎம் வைத்திருப்போர் முதலில் செய்ய வேண்டிய மாற்றம் இதுவென்றே கருதுகிறேன்.

யுபிஎஸ்ஸும் கைவிட்ட இரவுகளில் வேறு வகைச் சேதம் வரும். கம்பைலர் எழுதி முடிக்காத ஆப்ஜெக்ட் கோப்பு பூஜ்ய பைட்டுடன் நின்றிருக்கும்; அதன் நேரம் புதியதாக இருப்பதால் மேக் அதை முடிந்த வேலையாக எண்ணிக் கடந்துவிடும்; கடைசியில் லிங்கர் கோப்பு வடிவம் புரியவில்லை என்று புலம்பும். பூஜ்ய அளவுள்ள ஆப்ஜெக்ட் கோப்புகளைத் தேடி நீக்குவதும், யோக்டோவில் அந்த ரெசிபிக்கு (ஒரு தொகுப்பின் பில்டு குறிப்பு) மட்டும் அதன் பழைய விளைவுகளைத் துடைக்கும் கிளீன் எஸ்ஸ்டேட் கொடுப்பதும் போதும். முழு பில்டையும் அழிக்க வேண்டியதில்லை. வேகம் கருதிப் பில்டு வட்டுக்குக் கேவிஎம்முடன் சேர்ந்து வி.எம்.மை ஓட்டும் கியூஎமுவின் அன்சேஃப் கேஷ் முறையைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. கெஸ்ட், அதாவது உள்ளே ஓடும் இயங்குதளம், கேட்கும் ஃப்ளஷ்களை (வட்டில் உடனே எழுதச் சொல்லும் கோரிக்கைகளை) அந்த முறை பொருட்படுத்துவதில்லை; மின்வெட்டே இல்லாத இடத்தில் அது பொருந்தலாம், இங்கே வேண்டாம்.

இடம் இல்லை என்ற பிழை வந்தால் மூன்று இடங்களில் பார்க்க வேண்டும். உள்ளே வட்டு நிரம்பியிருக்கலாம், கோப்பு ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் ஐநோடுகள் தீர்ந்திருக்கலாம், அல்லது உள்ளே தாராளமாக இடம் இருக்க, வளரும் வட்டுக் கோப்பைத் தாங்கும் ஹோஸ்ட் நிரம்பியிருக்கலாம். மூன்றாவது நேரும்போது வி.எம். உறைந்து நிற்கும். உள்ளே எந்தப் பதிவிலும் காரணம் இருக்காது.

ஹோஸ்ட்டும் வி.எம்.மும் பகிரும் ஷேர்டு ஃபோல்டரில் மூலக் கோப்புகளைப் படிக்கலாம், பில்டு செய்யக் கூடாது என்பது என் கட்சி. விர்ச்சுவல்பாக்ஸ் பாதுகாப்பு கருதி அங்கே இன்னொரு கோப்பைச் சுட்டும் சிம்லிங்க் உருவாக்குவதை இயல்பாகவே தடுத்து வைத்திருக்கிறது. ஹோஸ்ட் விண்டோஸாக இருந்தால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் அழிந்துபோகும். லினக்ஸ் கெர்னலில் நெட்வொர்க் போக்குவரத்தை வடிகட்டும் நெட்ஃபில்டர் பகுதியில் அந்த வேறுபாடு ஒன்றால் மட்டுமே பிரியும் பெயர்களில் சோடி சோடியாகத் தலைப்புக் கோப்புகள் இருப்பதால், கெர்னலை அங்கே சரியாகப் பிரித்து வைக்கவே முடியாது.

பதிவிறக்கத்தில் மட்டும் ஷேர்டு ஃபோல்டர் உதவுகிறது. மூன்று வி.எம்.களுக்கும் பொதுவாக ஹோஸ்ட்டில் ஒரு பதிவிறக்கக் கோப்புறை வைத்து, எல்லாம் வந்து சேர்ந்த பிறகு யோக்டோவின் நெட்வொர்க் அணுகலை அமைப்பிலேயே மூடிவிடுகிறேன். அதன்பின் கேபிள் அறுந்தாலும் பில்டு நிற்பதில்லை. 18.04-க்கான வழக்கமான ஆதரவு 2023 மே மாதத்துடன் முடிந்துவிட்டது. அந்த வி.எம்.முக்கு இனி இணையமே தேவையில்லாதபடி, அதற்குரிய பொதிகள் அனைத்தையும் இந்தக் கோப்புறையின் பக்கத்திலேயே தனியாக வைத்திருக்கிறேன்.