பற்றரி நிறைந்திருக்க எஞ்சின் ஏன் ஓட வேண்டும்?

கனடாவின் பிரம்டனில் இருக்கும் நண்பன் போன கிழமை தொலைபேசியில் கேட்டான்: "மச்சான், உன்ர பிளக்-இன் எப்பிடிப் போகுது? நானும் ஒண்டு எடுப்பமெண்டு பாக்கிறன்." கேட்டது மாசி மாதத்தில். கோடையில் கேட்டிருந்தால் வேறு மாதிரிப் பேசியிருப்பேன். காசு, ஓட்டம், திருத்த வேலை எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒரேயொரு விசயத்தைத்தான் அவனுக்கு நெடுநேரம் சொன்னேன். இங்கும் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது நடுத்தர அளவு பிளக்-இன் ஹைபிரிட் எஸ்யூவி, அதாவது வயர் போட்டு ஏற்றும் பற்றரியும் பெற்றோல் எஞ்சினும் இரண்டும் உள்ள கார். பற்றரி நிறைந்தால் கோடையில் 60 கிலோமீற்றர் அளவுக்கு மின்சாரத்திலேயே ஓடும். தீர்ந்தால் பெற்றோல் எஞ்சினும் சேர்ந்துகொள்ளும். கொம்பனியின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறை வேறு கொம்பனிகளின் பிளக்-இன்களிலும் இருக்கிறது. வீடு ரொறன்ரோவின் ஸ்காபரோவில், வேலை பக்கத்து நகரமான மார்க்கத்தில். இடையில் கடை, கோயில், சனிக்கிழமைகளில் பிள்ளைகளின் தமிழ் வகுப்பு. இப்படியான ஓட்டத்துக்கென்றே செய்த கார் என்று சொல்லித்தான் விற்றார்கள். அதில் பொய் இல்லை.

ஆனால் மைனஸ் 12 பாகைக் காலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கார் இரவு முழுக்க வயரில் கிடந்திருக்கிறது. திரையில் பற்றரி நூறு வீதம் என்று காட்டுகிறது. ஏறி இருந்து பொத்தானை அழுத்தினால் சத்தமே இல்லாமல் தயாராகிறது. முன்கண்ணாடியில் படிந்த பனி உருகட்டும் என்று அதற்கான பொத்தானைத் தட்டுகிறேன். உடனே எஞ்சின் எழும்பிவிடுகிறது. வாசலைத் தாண்டவில்லை, ஒரு மீற்றர்கூட நகரவில்லை, அதற்குள் பெற்றோல் எரியத் தொடங்கிவிட்டது. பின்சீற்றில் இருக்கும் அம்மாவுக்குக் குளிர் தாங்காது, ஆகவே ஹீற்றரை நிறுத்தி வைத்து ஓட்டும் வழியும் எனக்கு இல்லை. தமிழ் வகுப்புக்குப் போகப் பத்து நிமிசம்கூட ஆகாது. அந்தப் பத்து நிமிசமும் எஞ்சின் உறுமிக்கொண்டே வரும். நல்லாகச் சூடாவதற்கு முன் இடம் வந்துவிடும். அணைப்போம். வகுப்பு முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து.

ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன். பெற்றோல் எஞ்சின் எரிபொருளின் சக்தியில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குவது. சாதாரணக் காரின் ஹீற்றர் அந்த வீண் வெப்பத்தில் கொஞ்சத்தை எடுத்து நமக்குத் தருகிறது, தனிச் செலவில்லை. மின் மோட்டரில் அப்படி வீணாகும் வெப்பம் மிகக் குறைவு. ஆகவே மின்சாரக் காருக்கு வெப்பத்தைத் தனியாக உண்டாக்க வேண்டும். கம்பியைச் சூடாக்கும் மின் ஹீற்றர் ஒரு வழி. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்து வரும் ஹீற் பம்ப் இன்னொரு வழி. முதலாவது பற்றரியை வேகமாகக் குடிக்கும். இரண்டாவது சிக்கனமானது, ஆனால் குளிர் கூடக்கூட அதன் பலம் குறைந்துகொண்டு போகும். முழு மின்சாரக் காரில் வேறு போக்கிடம் இல்லாதபடியால் இவற்றை ஒழுங்காகச் செய்தே ஆக வேண்டும். பிளக்-இன்னில்தான் எஞ்சின் ஒன்று ஏற்கெனவே கிடக்கிறதே! மின் ஹீற்றரைச் சிறிதாக வைத்தோ, சில மொடல்களில் அடியோடு விட்டோ, குளிர் வந்தால் எஞ்சினை எழுப்பிவிடுகிறார்கள். ஹீற் பம்ப் உள்ள மொடல்களிலும் மைனஸ் 10 அளவுக்குக் கீழே போனால் எஞ்சின் துணைக்கு வருவது உண்டு.

இதைப் பொறியியல் காரணம் என்று ஏற்றுக்கொள்ளலாம். குளிர்ந்த பற்றரியால் ஒரேயடியாகக் கூடிய மின்சாரம் தர முடியாது என்பதும் உண்மை. எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். 2010 கடைசியில் வந்த செவ்ரொலே வோல்ட் என்ற பிளக்-இன் காரிலும் இதே பழக்கம் இருந்தது. ஆனால் அதன் பிந்திய மொடல்களில் இந்த எஞ்சின் உதவி குளிரில் வேண்டுமா, மிகக் கடும் குளிரில் மட்டும் போதுமா என்று சொந்தக்காரரே தெரிவு செய்ய ஒரு மெனு கொடுத்தார்கள். அவ்வளவுதான் நானும் கேட்பது. என் காரில் அது இல்லை. மின் ஓட்டத்தில் 60 இல் 15 குறைந்தாலும் பரவாயில்லை, வெப்பத்தையும் பற்றரியிலிருந்தே எடு என்று நான் சொல்ல வழி இருக்க வேண்டும். என் ஓட்டத்துக்கு 45 தாராளம்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். வயரில் இருக்கும்போதே, புறப்படுவதற்கு இருபது நிமிசத்துக்கு முன் அலைபேசியில் தட்டினால் கார் வீட்டு மின்சாரத்தில் உள்ளே சூடாகிக்கொள்ளும். அப்படிச் செய்த காலைகளில் பெரும்பாலும் எஞ்சின் எழும்பாது. கண்ணாடியும் துலக்கமாக இருக்கும், ஸ்டியரிங்கும் சுடச்சுட இருக்கும். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் வேலையிடத்துத் தரிப்பிடத்தில் பிளக் இல்லை, கோயில் வாசலிலும் இல்லை. ஆகவே போகும்போது அமைதி, திரும்பி வரும்போது எஞ்சின் சத்தம்.

இதில் பெற்றோல் செலவு பெரிய விசயம் அல்ல. எஞ்சினுக்கு நடப்பதுதான் விசயம். சூடேறாத எஞ்சினில் எரியாத பெற்றோலும் ஈரமும் ஒயிலில் கலக்கும். நீண்ட நேரம் ஓடினால் அவை ஆவியாகிவிடும். ஐந்து பத்து நிமிச ஓட்டங்களில் ஆவியாக நேரமே கிடைப்பதில்லை. எங்கள் பக்கத்து மெக்கானிக் அண்ணை ஒயிலை மணந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கிலோமீற்றரைப் பாக்காதையும், மாசத்தைப் பாரும்." எஞ்சின் ஓடிய தூரம் கொஞ்சமே என்று ஒயில் மாற்றுவதைத் தள்ளிப் போடக் கூடாது என்பதுதான் அதன் பொருள். பிளக்-இன் வைத்திருக்கும் எல்லோரும் இதைக் கவனியுங்கள்.

சரி, இனி நல்லதைச் சொல்கிறேன். நல்லது நிறையவே இருக்கிறது.

காசுக் கணக்கு இது. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 2023 மே முதலாம் திகதி இரவு மின்சாரத்துக்கென்று மிகக் குறைந்த கட்டணத் திட்டம் ஒன்று வந்தது. இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை, தொடங்கும்போது ஒரு கிலோவாற் மணிக்கு 2.4 சதம். அதற்குப் பிறகு ஏறியிருக்கிறது, என்றாலும் மலிவுதான். விநியோகக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து 10 சதம் என்று கூட்டியே வைப்போம். ஒருமுறை நிரப்ப 22 கிலோவாற் மணி போனால் 2 டொலர் 20 சதம். அதே அளவு பெற்றோல் எஸ்யூவி 100 கிலோமீற்றருக்கு 9 லீற்றர் குடித்தால், 60 கிலோமீற்றருக்கு 5.4 லீற்றர். லீற்றர் 1 டொலர் 40 சதம் என்றால் ஏழரை டொலருக்கு மேல். வித்தியாசம் நாளாந்தம் கையில் தெரியும்.

இந்தத் திட்டத்தில் இரண்டு முடிச்சுகள் உண்டு. கிழமை நாட்களில் மாலை 4 மணி முதல் 9 மணி வரை கட்டணம் பல மடங்கு. தொடங்கும்போதே 24 சதம், அதாவது இரவு விலையின் பத்து மடங்கு. எங்கள் வீடுகளில் அடுப்பு எரிகிற நேரமே அதுதான்! இரவுச் சமையல், உடுப்புத் தோய்ப்பு, பேஸ்மென்ற்றில் இருப்பவர்களின் பாவனை எல்லாவற்றையும் யோசித்துத்தான் மாற வேண்டும். மற்றது, சுவரிலுள்ள சாதாரண 120 வோல்ற் பிளக்கில் ஒரு மணித்தியாலத்தில் ஒன்றரை கிலோவாற் மணிக்கும் குறைவாகத்தான் ஏறும். மலிவான எட்டு மணித்தியாலத்தில் பற்றரி பாதியைக் கொஞ்சம் தாண்டும். முழுதும் மலிவில் ஏற்ற வேண்டுமென்றால் 240 வோல்ற் இணைப்பு வேண்டும், அதற்கு அனுமதி பெற்ற மின்வேலைக்காரர் வேண்டும். இந்தச் செலவைக் கார் விலையோடு சேர்த்தே பாருங்கள்.

சித்திரை கடந்து குளிர் விட்டதும் இந்தக் கார் வேறு காராகிவிடும். ஐப்பசி வரை எஞ்சின் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். ரொறன்ரோவின் டொன் வலி பார்க்வே நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்து நிற்கும் மாலையில், பெற்றோல் கார்கள் நின்ற இடத்திலேயே காசை எரிக்க, இது செலவே இல்லாமல் நிற்கும். மிதியிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறையும்போது மோட்டர் மின்சாரத்தைத் திருப்பிப் பற்றரிக்குள் அனுப்பும். பிரேக்கைத் தொடாமலே பாதி வழி ஓட்டலாம். அந்த அமைதியில் பிள்ளைகளோடு கதைத்துக்கொண்டு வருவது எனக்கு இந்தக் கார் தந்த பெரிய சந்தோசம்.

பெற்றோல் அடிக்கப் போவது எப்போதோ ஒருமுறை. அப்போதும் மூடியை நேரே திறக்க முடியாது. உள்ளே ஒரு பொத்தானை அழுத்திக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். சாதாரணக் காரில் தாங்கியிலிருந்து எழும் ஆவி கரிப் பெட்டி ஒன்றில் சேர்ந்து, எஞ்சின் ஓடும்போது எரிந்துவிடும். இதில் எஞ்சின் கிழமைக்கணக்கில் ஓடாமல் இருக்கலாம் என்பதால் தாங்கியையே அழுத்தத்தோடு மூடி வைக்கிறார்கள். அந்த அழுத்தம் இறங்கத்தான் அந்தக் காத்திருப்பு. பெற்றோல் பழசாகிவிடக் கூடாது என்று கோடையிலும் எப்போதாவது எஞ்சின் தானே கொஞ்சம் ஓடி நிற்கும். அந்த ஓட்டத்தில் எனக்குக் கோபம் இல்லை, அதற்கு ஒரு தேவை இருக்கிறது.

மொன்றியலில் தங்கச்சி வீடு. 401 நெடுஞ்சாலையில் ஏறி 540 கிலோமீற்றர். போமன்வில் ஊரைத் தாண்டுவதற்குள் பற்றரி தீர்ந்துவிடும், பிறகு வயர் போடத் தேவையில்லாத சாதாரண ஹைபிரிட் மாதிரித்தான், எஞ்சினும் மோட்டரும் சேர்ந்து ஓடும். பற்றரியின் பாரத்தையும் இழுத்துக்கொண்டு ஓடுவதால் நெடுஞ்சாலையில் பெரிய சிக்கனத்தை எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் சார்ஜருக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கனடிய வாகன ஓட்டுநர் சங்கம் 2025 பெப்ரவரியில் ஒட்டாவாவிலிருந்து மொன்-திரெம்பிளான் வரை முழு மின்சாரக் கார்களை ஓட்டிப் பார்த்தபோது, குளிரில் ஓட்டத் தூரம் 14 முதல் 39 வீதம் வரை குறைந்தது. பின்சீற்றில் வயதானவர்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு இரவில் போகும்போது அந்தக் கவலை இல்லாமல் இருப்பது பெரிய ஆறுதல்தான்.

திருத்த வேலை என்று பார்த்தால் போன மாதம் பின் பிரேக்கில் ஒன்று செய்ய வேண்டி வந்தது. பிரேக் பாட் தேயவேயில்லை. தேயாததுதான் பிரச்சினை. மோட்டரே காரை மெதுவாக்குவதால் பிரேக் அரிதாகத்தான் வேலை செய்கிறது. ஒன்ராறியோ வீதி உப்பு, பாட்டை இறுக்கிப் பிடிக்கும் கலிப்பரின் ஊசிகளில் பிடித்து அவை இறுகிவிட்டன. வருசத்துக்கு ஒருமுறை கழற்றித் துப்புரவாக்கிக் கிறீஸ் பூசச் சொன்னார்கள். இனிச் செய்வேன்.

அப்புறம், இதை யார் வாங்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டில் பிளக் இல்லாதவர்கள் வாங்கக் கூடாது. பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்து காரை வீதியில் விடுகிறவர்கள், சார்ஜர் இல்லாத அடுக்குமாடியில் இருப்பவர்கள், இவர்களுக்குப் பிளக்-இன் என்பது பாரம் கூடிய, விலை கூடிய பெற்றோல் கார் மட்டுமே. ஐரோப்பிய ஆணையம் கார்களுக்குள்ளேயே இருக்கும் எரிபொருள் அளவிகளிலிருந்து எடுத்த தரவை 2024 இல் வெளியிட்டது. பிளக்-இன்களின் உண்மையான கரியமில வாயு வெளியேற்றம் பரிசோதனைக் கூடத்துக் கணக்கைவிடச் சராசரியாக 3.5 மடங்கு. எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் சார்ஜ் போடுவதில்லை என்பதே முக்கிய காரணம். வயர் போடாதவருக்குச் சாதாரண ஹைபிரிட்டே நல்லது. வீட்டில் பிளக்கும் பெரிய குடும்பமும் உள்ளவர்கள் இங்கே ஒன்ராறியோவிலேயே, வின்சரில், பிளக்-இன் வான் ஒன்று பல வருடமாகச் செய்யப்பட்டு வந்ததையும் அறிந்திருப்பார்கள். பழையதாக வாங்குவோர் அதையும் பார்க்கலாம்.

இவ்வளவு நல்லதையும் சொல்லிவிட்டு, திரும்ப வாங்குவாயா என்று கேட்டால், மாட்டேன். கணக்கு இந்தக் காரின் பக்கம்தான் நிற்கிறது, மொன்றியல் பயணமும் இதன் பக்கம்தான். ஆனாலும் என் அடுத்த கார் முழு மின்சாரம். இரவெல்லாம் ஏற்றி வைத்த மின்சாரம் முழுசாகக் கிடக்க, என் சொல் கேளாமல் எழும்புகிற எஞ்சினோடு இன்னும் பல வின்ரர் வாழ எனக்கு மனமில்லை. மொன்றியலுக்கு வருசத்தில் ஓரிரு முறை வழியிலுள்ள கிங்ஸ்ரனில் அரை மணித்தியாலம் நின்று சார்ஜ் போடுவது, வின்ரர் முழுக்க அந்த உறுமலைக் கேட்பதைவிட மேல். இதில் விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் வைகாசியில் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தை, மாசியில், காலையில், வெளியில் நின்று குளிர்ந்து கிடக்கும் காரைக் கேளுங்கள். பற்றரி நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஹீற்றரை 22 இல் போடுங்கள், முன்கண்ணாடிப் பொத்தானையும் அழுத்துங்கள். எஞ்சின் எழும்பினால், அதை நிறுத்தும் தெரிவு எந்த மெனுவில் இருக்கிறது என்று விற்பனையாளரிடம் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் அந்த மொடலை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.